வரிவழி வந்த கல்வியுதவி: ஐக்கிய அமெரிக்க வரலாற்றில் ஓர் அத்தியாயம்

கல்லூரிப் படிப்பின் செலவை யார் ஏற்பது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றுக்கேற்ப ஒவ்வொரு விடை கூறியுள்ளது. 1945ஆம் ஆண்டிற் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்த நாள் தொட்டு, நம் நாட்டில் அதற்கு விடை அரசாங்கம் என்பதே. ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை அவ்வாறன்று. அங்கே தனியார் கல்லூரியிலும் கட்டணம் உண்டு. மாநில அரசு நடத்தும் கல்லூரியிலும் கட்டணம் உண்டு. அக்கட்டணத்தைத் தாங்குதற்கு அந்நாட்டார் படைவீரர் உதவி, கடன், நன்கொடை எனப் பல வழிகளைக் கண்டனர். இவற்றுக்கெல்லாம் பின்னர், நீண்ட பல தோல்விகளின் பின், 1997ஆம் ஆண்டிலே நிலைபெற்ற வழியொன்று உண்டு. அதுவே பிள்ளையின் கல்விக்குச் செலவிட்ட பணத்தின் பொருட்டுப் பெற்றோர் செலுத்தவேண்டிய வருமான வரியைக் குறைத்தல். அவ்வழி எவ்வாறு தோன்றியது, ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மறுக்கப்பட்டது, பின் ஏன் ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டபின் யார் வீட்டுக்கு அது சென்று சேர்ந்தது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல் விளக்கம் வேண்டும். இறைவரிச் சட்டத்திற் கழிவு என்பது இரு வகைப்படும். வரி கணிக்குமுன் வருமானத்திலிருந்து ஒரு தொகையைத் தள்ளுவது ஒன்று. இதனை வருமானக் கழிவு என்போம். வரியைக் கணித்து முடித்தபின், அவ்வரித் தொகையிலிருந்தே தள்ளுவது மற்றொன்று. இதனை வரிக் கழிவு என்போம். இரண்டும் பெயரளவில் அண்மையன, பயனளவிற் சேய்மையன. வருமானத்தில் 1,000 டொலரைத் தள்ளினால், நூற்றுக்கு 15 வீதம் வரி கொடுப்பவருக்கு 150 டொலரே மிஞ்சும், 39.6 வீதம் கொடுக்கும் செல்வருக்கு 396 டொலர் மிஞ்சும். வரியிலிருந்தே 1,000 டொலரைத் தள்ளினாலோ இருவருக்கும் 1,000 டொலர் மிஞ்சும். ஆகவே வரிக் கழிவு நடுவுநிலைமை உடையது போலத் தோன்றும். ஆனால் வரியே கொடுக்கக் கடமைப்படாத ஏழைக்கு எதிலிருந்து தள்ளுவது? சுழியத்திலிருந்து எதைத் தள்ளினாலும் அவனுக்கு ஒன்றும் கிடையாது. வரி இல்லாதவனுக்கு அத்தொகையைத் திறைசேரி காசாகக் கொடுத்தாலன்றி அவனுக்குப் பயனில்லை. அவ்வாறு கொடுக்கப்படுவதை மீளளிக்கும் கழிவு என்பர். இந்தச் சிறு வேறுபாடே பின்வரும் வரலாறு முழுவதற்கும் அச்சாணி.

இரண்டாம் உலகப் போரின் முடிவை எதிர்நோக்கி, 1944ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆம் தேதி றூஸ்வெல்ற் கைச்சாத்திட்ட படைவீரர் சட்டம் அமெரிக்க உயர்கல்வியின் முகத்தையே மாற்றிற்று. ஆண்டொன்றுக்கு 500 டொலர் வரையிற் கல்லூரிக் கட்டணத்தை அரசு நேரே செலுத்தியது; பிழைப்புக்கு மாதந்தோறும் உதவிப் பணமும் வழங்கியது. அச்சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 22 இலட்சம் படைவீரர் கல்லூரிப் படிகளில் ஏறினர். அவர்களுட் பலருடைய குடும்பத்தில் அதற்கு முன் கல்லூரி வாசலைக் கண்டவர் எவருமிலர். இங்கே கவனிக்கற்பாலது ஒன்று. அப்பணம் கட்டணம் கட்டும் வேளையிலே கிடைத்தது. வாங்குபவன் வரி செலுத்துபவனா என்று எவரும் கேட்கவில்லை.

1954ஆம் ஆண்டு இறைவரிச் சட்டக் கோவை திருத்தியமைக்கப்பட்டபோது, கல்வி முதன்முறையாகப் பெற்றோரின் வரிப் பத்திரத்திற் கால் வைத்தது எனலாம். அதுவரை பிள்ளை சிறிது உழைத்தாலும் தந்தை அவனைத் தன் ஆதரவிலுள்ளவன் என்று காட்டி 600 டொலர் விலக்குப் பெறமுடியாது. மாணவனாயின் அவன் உழைப்பு எவ்வளவாயினும், பெற்றோர் ஆதரவு தொடரும்வரை விலக்கும் தொடரலாம் எனப் புதிய கோவை கூறிற்று. சிறிய சலுகைதான். ஆயினும் மகன் படிக்கிறான் என்பதற்காகத் தந்தையின் வரி குறையலாம் என்னும் கருத்து சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் கல்லூரி செல்லும் பிள்ளைகளின் தொகை பெருகிற்று, கட்டணமும் பெருகிற்று. ஏழைப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்ற குரலோடு, ஏழையுமல்லாத செல்வருமல்லாத நடுத்தரக் குடும்பங்களின் முணுமுணுப்பும் எழலாயிற்று. அம்முணுமுணுப்புக்குச் செனற் சபையில் வாயாக அமைந்தவர் கொனெற்றிகட் மாநிலத்தின் ஏபிரகாம் றிபிகோவ். கெனடியின் அமைச்சரவையிற் சுகாதார, கல்வி, நலத்துறைச் செயலாளராக இருந்தவர். எனவே விஷயம் அறியாதவர் அல்லர். அவர் 1964ஆம் ஆண்டு வரிச் சட்டமூலத்துக்குக் கொண்டுவந்த திருத்தம், கல்லூரிச் செலவில் முதல் 200 டொலருக்கு நூற்றுக்கு 75 வீதமும், அடுத்த 300 டொலருக்கு 25 வீதமும், அதற்கடுத்த 1,000 டொலருக்கு 10 வீதமும் வரியிற் கழிக்கலாம் என்றது. கூட்டினால் ஆகக் கூடியது 325 டொலர். மலிவான கல்லூரிக்கும் பயன் கிட்டவேண்டும் என்பதற்காக முதற்படியிற் கூடிய வீதமும் மேற்படிகளிற் குறைந்த வீதமும் வைத்த நுட்பம் பாராட்டத்தக்கது. திருத்தம் மிகச் சில வாக்குகளால் தோற்றது.

அதை எதிர்த்தவர்கள் கல்விப் பகைவர் அல்லர் என்பதே இவ்வரலாற்றின் சுவை. சனாதிபதி ஜோன்சன் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்கொஸ் ஆசிரியர் கல்லூரியிற் சில்லறை வேலைகள் செய்து படித்தவர். படிப்பின் நடுவே கொற்றுலா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வழி ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தவர். அவருடைய அரசாங்கமே இத்திருத்தத்தை முழுமூச்சாக எதிர்த்தது. திறைசேரியில் வரிக் கொள்கைக்குப் பொறுப்பாயிருந்த ஸ்ரான்லி சறி என்னும் ஹாவாட் சட்டப் பேராசிரியர் இவ்வெதிர்ப்புக்குக் கருத்து வலிமை தந்தார். வரியில் விட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் திறைசேரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் டொலருக்குச் சமம். ஆயின் எடுத்துக் கொடுப்பது வரவுசெலவுக் கணக்கிற் தெரியும், விட்டுக் கொடுப்பது தெரிவதில்லை என்பது அவர் வாதம். இதற்கு வரிச்செலவு என்று 1967ஆம் ஆண்டில் அவர் இட்ட பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது. செல்வனுக்கு நிறையவும் ஏழைக்குக் குறையவும் கொடுக்கும் உதவித் திட்டமொன்றை எந்த அமைச்சராவது வெளிப்படையாகச் சபை முன் வைப்பாரா? வரிச் சட்டத்தினுள்ளே பொதிந்து வைத்தால் எவரும் கேட்பதில்லை. இவ்வாறான கண்டனத்தை அவர் வாழ்நாளெல்லாம் எழுதி வந்தார்.

றிபிகோவின் திருத்தத்துக்கு மாற்றாக ஜோன்சன் அரசாங்கம் முன்வைத்தது 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் தேதி, தாம் படித்த சான் மார்கொஸ் கல்லூரிக்கே சென்று ஜோன்சன் அதிற் கைச்சாத்திட்டார். ஏழை மாணவர்க்கு நன்கொடை. நடுத்தரக் குடும்பங்களுக்கு அரசு பிணைநின்று பெற்றுத்தரும் வங்கிக் கடன். இக்கடன் ஏற்பாடு வரிக் கழிவு கேட்ட குரலை அடக்குதற்கென்றே பெரிதும் வகுக்கப்பட்டது. குரல் அடங்கிற்று என்று கூறமுடியாது. 1967ஆம் ஆண்டில் றிபிகோவின் திருத்தத்தைச் செனற் சபை ஏற்றுக்கொண்டது. எனினும் அது சட்டமாகவில்லை. ஆனால் அன்று வரிக் கழிவைத் தடுப்பதற்காகக் கொணர்ந்த மாணவர் கடன், பிற்காலத்தில் அந்நாட்டின் இளைஞர் தோள்மேல் எத்தகைய பாரமாக வளர்ந்தது என்பது யாவரும் அறிந்ததே. ஒரு வழியை அடைத்தவர்கள் திறந்துவிட்ட வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்று எண்ணிப் பார்க்கையில், 1964ஆம் ஆண்டின் விவாதத்தில் வென்றவர் யார் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1972ஆம் ஆண்டில் ஏழை மாணவரின் கையிலே நேரடியாகச் சேரும் அடிப்படை நன்கொடைத் திட்டம் சட்டமாயிற்று. றோட் ஐலன்ட் மாநிலச் செனற்றர் கிளெய்போண் பெல்லின் முயற்சியாற் பிறந்த அதற்கு 1980ஆம் ஆண்டில் அவர் பெயரே சூட்டப்பட்டது. பெல் நன்கொடை குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. திருப்பிக் கொடுக்க வேண்டாதது. எழுபதுகளின் விலைவாசி உயர்விலே, நடுத்தர வகுப்பார் தமக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று மீண்டும் முறையிட்டனர். 1978ஆம் ஆண்டில் ஒறிகன் மாநிலத்து பக்வுட், நியூயோர்க் மாநிலத்து மொயினிகன் ஆகிய இரு செனற்றர்களும் கட்டணத்திற் பாதியை, 500 டொலர் எல்லைவரை, வரியிற் கழிக்கும் சட்டமூலத்துக்கு முன்னின்றனர். ஒருவர் குடியரசுக் கட்சியினர்; மற்றவர் சனநாயகக் கட்சியினர். இரு சபைகளிலும் வரிக் கழிவுக்குப் பெரும்பான்மை இருந்தது. ஆயின் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கும் கழிவு உண்டா என்ற வினா குறுக்கிட்டது. அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவை கத்தோலிக்கத் திருச்சபையினுடையவை. மதத்தையும் அரசையும் பிரித்து வைக்கும் அரசியலமைப்பு விதியும், பொதுப் பாடசாலை ஆசிரியர் சங்கங்களின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டன. சபைகள் இரண்டும் உடன்பட முடியாது முரண்பட்டன. சனாதிபதி காட்டர் தம் தடையதிகாரத்தைப் பிரயோகிப்பதாக முன்னரே எச்சரித்திருந்தார். ஜோன்சன் செய்ததையே அவரும் செய்தார்: வரிக் கழிவுக்குப் பதிலாக, நன்கொடையையும் கடனையும் நடுத்தர வருமானத்தார்வரை விரிக்கும் சட்டத்தில் அவ்வாண்டு நவம்பரிற் கைச்சாத்திட்டார். அதன்பின் வந்த றேகன் வரிக் கழிவில் விருப்பமுடையவரே. ஆனால் அவர் நாட்டம் பெரிதும் தனியார் பாடசாலைகளின்பாற் சென்றமையாற் கல்லூரிக்கு விடிவில்லை.

இனி 1997ஆம் ஆண்டின் கதை. முப்பதாண்டுகள் சனநாயகக் கட்சிச் சனாதிபதிகள் எதிர்த்த ஒன்றை, அதே கட்சிச் சனாதிபதியே முன்னின்று சட்டமாக்கியது எங்ஙனம்?

1994ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் இரு சபைகளையும் குடியரசுக் கட்சி கைப்பற்றியது. புதிய செலவுத் திட்டமெதையும் அச்சபைகள் ஏற்கமாட்டா என்பது கிளின்டனுக்கு விளங்கிற்று. மேலும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் செலவுக்கு அக்காலச் சட்டம் உச்சவரம்பு விதித்திருந்தது. பெல் நன்கொடையைப் பெருக்குவதானால் அவ்வரம்பினுள்ளே வேறெதையாவது வெட்டவேண்டும். வரிக் குறைப்புக்கோ அவ்வரம்பு தடையன்று; எதிர்க்கட்சியாரும் வரிக் குறைப்பு என்ற சொல்லுக்கு எதிராகக் கை தூக்கத் தயங்குவர். செலவுக் கதவு அடைபட்டபோது வரிக் கதவு திறந்து கிடந்தது. சறி இருபதாண்டுகளுக்கு மேலாகக் குறையென்று கூறிவந்த அந்த மறைவே இப்போது அரசியல்வாதிக்கு வசதியாயிற்று.

தேர்தல் முடிந்த மறுமாதமே கிளின்டன் 10,000 டொலர் வரையிலான வருமானக் கழிவை முன்மொழிந்தார். மேலே கூறியபடி, அது உயர்ந்த வரி கொடுப்போர்க்கே பெரும்பயன் தருவது. 1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் தேதி பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவிலே அவர் ஒரு படி முன்சென்று, கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1,500 டொலர் வரிக் கழிவு என்று அறிவித்தார். உயர்நிலைப் பாடசாலையைப் போலவே பதின்மூன்றாம் பதினான்காம் வகுப்புகளும் எல்லார்க்கும் பொதுவாக வேண்டும் என்பது அவர் கூறிய நோக்கம். பெயரை ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அங்கே ஆளுநர் செல் மில்லர் 1993ஆம் ஆண்டில் அரசு லொத்தர்ப் பணத்தைக் கொண்டு ஹோப், அதாவது நம்பிக்கை, என்னும் புலமைப்பரிசிலைத் தொடங்கியிருந்தார். ஜோர்ஜியாவின் திட்டம் தகுதிபெற்ற மாணவனின் கட்டணத்தைக் கல்லூரிக்கே செலுத்தியது. கிளின்டன் எடுத்துக்கொண்டது பெயரை, அவ்வழியை அன்று. இரண்டாம் ஆண்டுக் கழிவுக்கு மாணவன் 'பி' தரச் சராசரி பெற்றிருக்கவேண்டும் என்று அவர் முதலிற் கூறிய நிபந்தனையும் கைவிடப்பட்டது. பரீட்சைப் புள்ளிகளைச் சரிபார்க்கும் வேலை இறைவரி உத்தியோகத்தருக்கு வேண்டாததொன்று என்பதை எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வார்.

1997ஆம் ஆண்டு ஓகஸ்ற் 5ஆம் தேதி வரியிறுப்போர் நிவாரணச் சட்டம் கைச்சாத்தாயிற்று. அதில் இரு கழிவுகள் இடம்பெற்றன. ஹோப் கழிவின்படி முதல் 1,000 டொலர்க் கட்டணம் முழுவதும், அடுத்த 1,000 டொலரிற் பாதியும், ஆக 1,500 டொலர், முதலிரண்டு ஆண்டு மாணவர்க்குக் கழிக்கத்தக்கது. வாழ்நாட் கல்விக் கழிவு என்னும் மற்றது, எந்த வயதினர்க்கும் எத்தனை ஆண்டுக்கும் கட்டணத்தில் நூற்றுக்கு 20 வீதம். முதலில் 1,000 டொலர் எல்லையும், 2003ஆம் ஆண்டு முதல் 2,000 டொலர் எல்லையும் உடையது. தனியாள் வருமானம் 40,000 டொலருக்கும், தம்பதியர் வருமானம் 80,000 டொலருக்கும் மேற்பட்டாற் சலுகை குறைந்து, முறையே 50,000 டொலரிலும் 100,000 டொலரிலும் மறையும். மேல் எல்லை இவ்வாறு செவ்வனே வகுக்கப்பட்டது. கீழ் எல்லை வகுக்கப்படவில்லை; ஆயினும் அது தானாகவே இருந்தது. இரண்டு கழிவுகளும் மீளளிக்கப்படாதவை.

அக்கீழ் எல்லையை அக்காலத்து எண்களைக் கொண்டே கணித்துப் பார்க்கலாம். 1998ஆம் ஆண்டில் தம்பதியர்க்குரிய நிலையான வருமானக் கழிவு 7,100 டொலர். தலைக்குரிய விலக்கு 2,700 டொலர். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இவை இரண்டும் சேர்ந்து 17,900 டொலர். அதற்குக் குறைய வருமானமுள்ள குடும்பம் வருமான வரி செலுத்தாது. எனவே அதன் பிள்ளைக்கு ஹோப் கழிவாற் கிடைப்பது ஒன்றுமில்லை. முதற்படி வரி நூற்றுக்கு 15 வீதமாதலின், 1,500 டொலர் வரி வருவதற்கு இன்னும் 10,000 டொலர் வருமானம் வேண்டும். ஆகவே 27,900 டொலருக்குக் குறைந்த குடும்பத்துக்கு முழுக் கழிவும் கிட்டாது. 75,000 டொலர் உழைக்கும் தம்பதியர்க்கோ முழுத்தொகையும் கிட்டும். இது போதாதென்று இன்னொரு விதியும் இருந்தது. நன்கொடையாற் செலுத்தப்பட்ட கட்டணத்துக்குக் கழிவு இல்லை. விடுதி, உணவு, நூல் ஆகியவற்றின் செலவுகள் கணக்கிற் சேரா. பெல் நன்கொடை அவ்வாண்டுகளில் ஏறக்குறைய 2,700 டொலர் வரை உயர்ந்திருந்தது. மலிவான சமூகக் கல்லூரியிற் படிக்கும் ஏழையின் கட்டணம் முழுவதையும் அதுவே மூடிவிடும்; பின் கழிப்பதற்கு எது மிஞ்சும்? நம்பிக்கை என்று பெயர் சூட்டப்பட்ட உதவி, நம்பிக்கை மிகவும் வேண்டியிருந்தவன் வீட்டைத் தாண்டிச் சென்றது.

கழிவை மீளளிப்பதற்கு வழி தெரியாமல் இவ்வாறு செய்தார்கள் என்று கூறவும் இடமில்லை. உழைக்கும் ஏழைகளுக்கான உழைப்பு வருமானக் கழிவு 1975ஆம் ஆண்டு முதலே மீளளிக்கப்பட்டு வந்தது. 1997ஆம் ஆண்டுக் கழிவு நடுத்தர வகுப்பார்க்கென்று வகுக்கப்பட்டது. அதன் ஆதரவாளரும் அதை மறைக்கவில்லை. முதல் ஐந்தாண்டிலேயே 3,000 கோடி டொலருக்கு மேற்படும் என்று மதிப்பிடப்பட்ட அத்தொகையைப் பெல் நன்கொடைக்கு ஒதுக்கியிருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று அக்காலத்திலேயே பலர் கேட்டனர்.

காலப் பொருத்தம் மற்றொரு குறை. கல்லூரிக் கட்டணம் ஓகஸ்ற், செப்டெம்பர் மாதங்களிற் கட்டவேண்டும். வரிப் பத்திரம் அனுப்பும் கடைசித் தேதி மறு ஆண்டு ஏப்பிரல் 15. 1998ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கட்டிய பணத்துக்கு நிவாரணம் 1999ஆம் ஆண்டு இளவேனிலிலே கிடைக்கும். கட்டப் பணமுள்ளவனுக்கு இது ஒரு மகிழ்ச்சியான வரவு. பணமில்லாதவனுக்கோ இது கட்டணத்துக்கு உதவியாகாது. வெளிவாரிப் பரீட்சார்த்தியாகப் படித்துப் பட்டம் பெற்றவர் எவர்க்கும் இந்நிலை எளிதில் விளங்கும், இக்கட்டுரையாசிரியனும் அவ்வினத்தவனே. பரீட்சைக் கட்டணத்துக்குக் குறித்த நாள், சம்பள உயர்வு வரும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை.

கட்டணத்தை உயர்த்தத் தூண்டும் குணமும் இக்கழிவுக்கு உண்டு. கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளில் அக்காலத்துக் கட்டணம் அலகுக்கு 13 டொலர். ஆண்டுக்கு 30 அலகு படிப்பவனுக்கு 390 டொலர். முதல் 1,000 டொலரைத் திறைசேரி முழுவதும் திருப்பிக் கொடுக்கையில், 390 டொலர் மட்டும் வாங்குவது மத்திய அரசின் பணத்தை வேண்டாமென்று தள்ளுவதாகும், கட்டணத்தை உயர்த்துவதே புத்தி என்ற வாதம் அம்மாநிலத்தில் எழுந்தது. வரி செலுத்தாத மாணவன் அவ்வுயர்வை எங்ஙனம் தாங்குவான் என்பது அவ்வாதத்தில் வலுவிழந்த பகுதி.

கழிவு வந்தமையாற் கல்லூரி சேர்ந்தோர் தொகை கூடிற்றா? 2004ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பிரிஜெற் ரெறி லோங், சேர்க்கையில் உயர்வெதையும் காணவில்லை. 2011ஆம் ஆண்டில் நிக்கலஸ் ரேணர் என்பார் ஓரளவு உயர்வு கண்டதாக எழுதினார். ஆயின் மறு ஆண்டில் அவரே வெளியிட்ட இன்னொரு கட்டுரை, மாணவன் பெறும் கழிவுக்கு ஏறத்தாழச் சமமாகக் கல்லூரிகள் தம் சொந்த உதவிப் பணத்தைக் குறைத்துவிடுகின்றன என்று காட்டிற்று. 2015ஆம் ஆண்டில் புல்மன், ஹொக்ஸ்பி என்னும் இருவர், வரிப் பத்திரங்களையே பெருந்தொகையாக ஆராய்ந்து, பின்னர் விரிவாக்கப்பட்ட கழிவுங்கூடச் சேர்க்கையை உயர்த்தவில்லை என்ற முடிவுக்கு வந்தனர். எவ்வாறாயினும் சேரவிருந்த பிள்ளைகளின் பெற்றோர்க்கே பணம் சென்றது என்பது இதன் கருத்து. அப்பெற்றோரின் சுமை குறைந்தமை பொய்யன்று. இரண்டு மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஆசிரியர் குடும்பத்துக்கு 1,500 டொலர் சிறு தொகையுமன்று. சுமை குறைத்தல் ஒரு நோக்கம். வாசல் திறத்தல் வேறொரு நோக்கம். இரண்டாவதன் பெயரால் முதலாவது செய்யப்பட்டது என்பதே என் குறை.

2001ஆம் ஆண்டின் வரிச் சட்டம் கட்டணத்துக்கு வருமானக் கழிவொன்றையும் சேர்த்துச் சிக்கலைப் பெருக்கிற்று. ஒரே மாணவனுக்கு எதைக் கேட்பது இலாபம் என்று பெற்றோர் மூன்று விதமாகக் கணக்குப் போடவேண்டியதாயிற்று. 2009ஆம் ஆண்டு வரிப் பத்திரங்களை ஆராய்ந்த அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம், தகுதியுடைய ஏறக்குறைய ஒரு கோடியே பத்து இலட்சம் பத்திரங்களில் 15 இலட்சம், கிடைக்கவிருந்த எதையும் கேளாமலே விட்டன என்று கண்டது. இவர்கள் சராசரி 466 டொலரை இழந்தனர். மறுபுறம், 2012ஆம் ஆண்டுக்குத் தகுதியின்றி வழங்கப்பட்டிருக்கக்கூடிய கல்விக் கழிவு 560 கோடி டொலர் என்று திறைசேரியின் வரித்துறைக் கண்காணிப்பாளர் அறிக்கையிட்டார்.

ஏழையின் வீட்டை உதவி தாண்டிச் சென்ற குறைக்கு ஓரளவு பரிகாரம் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே வந்தது. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் தேதி ஒபாமா கைச்சாத்திட்ட மீட்சிச் சட்டம், ஹோப் கழிவை அமெரிக்க வாய்ப்புக் கழிவு என்று மாற்றிற்று. முதல் 2,000 டொலர் முழுவதும், அடுத்த 2,000 டொலரில் நூற்றுக்கு 25 வீதமும், ஆக 2,500 டொலர். இரண்டாண்டுக்குப் பதில் நான்காண்டு. பாடநூல்களின் விலையும் சேர்க்கப்பட்டது. முதன்முறையாக, கழிவில் நூற்றுக்கு 40 வீதம், அதாவது 1,000 டொலர் வரை, வரி செலுத்தாதார்க்கும் காசாக வழங்கப்பட்டது. றிபிகோவ் சபையில் எழுந்து நின்ற நாளிலிருந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, ஏழை மாணவனின் பெயர் இக்கணக்கில் எழுதப்பட்டது. ஆயினும் மேல் எல்லையும் அதே சட்டத்தினாற் தம்பதியர்க்கு 160,000 டொலருக்கு ஏற்றப்பட்டமையைக் கவனிக்கவேண்டும். 4,000 டொலர்க் கட்டணம் கட்டிய, 150,000 டொலர் வருமானமுள்ள குடும்பத்துக்கு 2,500 டொலர். அதே கட்டணம் கட்டிய, வரியற்ற குடும்பத்துக்கு 1,000 டொலர். இரண்டாண்டுக்கென்று வகுத்த இவ்வேற்பாடு இருமுறை நீட்டப்பட்டு, 2015ஆம் ஆண்டு டிசம்பரில் நிரந்தரமாக்கப்பட்டது. வருமானக் கழிவு 2020ஆம் ஆண்டோடு முடிவுற்றது. வாழ்நாட் கல்விக் கழிவு மீளளிக்கப்படாததாகவே நிற்கிறது. 2,500 டொலர் என்ற உச்சத்தொகை விலைவாசியோடு ஏறுமாறு அமைக்கப்படவில்லை; 2009ஆம் ஆண்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பெல் நன்கொடை பெறும் ஏழை மாணவனின் சிக்கல் முற்றாகத் தீர்ந்ததா என்றால், அதற்கும் ஒரு வழி சட்டத்திலே உண்டு. நன்கொடையைக் கட்டணத்துக்கென்று எடுக்காமல், உணவுக்கும் உறையுளுக்கும் எடுத்ததாகப் பத்திரத்திற் காட்டலாம். அப்பொழுது அந்நன்கொடை வரிக்குரிய வருமானமாகும். ஆனால் கட்டணம் தன் பணத்திலோ கடனிலோ செலுத்தியதாகக் கொள்ளப்பட்டு, கழிவு பெறலாம். பெரும்பாலும் இலாபம் இரண்டாவதிலேயே. திறைசேரியே இதனை விளக்கிக் குறிப்பொன்றை வெளியிட்டது. பதினெட்டு வயது நிரம்பி, வீட்டிலே முதன்முதற் கல்லூரி செல்லும் பிள்ளையொன்று, இரவிலே பகுதிநேர வேலை முடித்து வந்து அக்குறிப்பைப் படித்து, எந்தப் பணத்தை எந்தச் செலவுக்கு நேராக எழுதுவது என்று கணித்து, ஏப்பிரல் 15ஆம் தேதிக்கு முன் அனுப்பவேண்டும்.